பக்கத்து மரத்துக்குப் போன பியூலா

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜோசலினைப் பள்ளிப் பிள்ளைகள் குரங்கு மிஸ் என்பார்கள். சபையில் கிப்பன் சிஸ்டர். சிக்னலை ஒட்டிய ஆட்டோ ஸ்டாண்டில் வெறும் குரங்கக்கா. இந்தக் கடைசிப் பெயர்தான் அவளுக்கு ஆகாது.

"அண்ணா, நான் எழுதறது குரங்கைப் பத்தி இல்ல. கிப்பனுக்கு வாலே கிடையாது. அது வேற குடும்பம்" என்று ஒருநாள் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "வால் இல்லாங்காட்டி இன்னாக்கா? மரத்துல தொங்கினு கீதுல்ல? அப்போ குரங்குதான்."

தமிழும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் என்ற இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. வாலில்லாக் குரங்கு என்கிறோம். மீசை வைக்காத சித்தப்பா என்பதுபோல, இல்லாததைச் சொல்லி ஆளைக் காட்டுகிற வேலை. மனிதக் குரங்கு என்று எழுதினாலோ, அவள் கணவன் எட்மண்டுக்குத் தன் ஆபீஸர் ஞாபகம் வந்துவிடும். நல்லதாக ஒரு புதுச்சொல் உண்டாக்க ஜோசலின் நாலைந்து தடவை முயன்றாள். அவள் எழுதும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் சாம்பசிவன் ஒவ்வொரு தடவையும் அதை அடித்துவிட்டு 'குரங்கு' என்று திருத்தினார். "மேடம், டீக்கடையில படிக்கிறவன் பாதி வரியில நின்னு யோசிக்கக் கூடாது. யோசிச்சா பக்கத்தைத் திருப்பிடுவான்" என்பது அவருடைய இதழியல்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு பல் டாக்டரிடமிருந்து தப்பிக்கத்தான். தாம்பரத்தில் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்த கையோடு, கீழ்க்கட்டளையில் க்ளினிக் வைத்திருந்த ஒரு பல் டாக்டர் வரனை அம்மா பார்த்து வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, காபியைக் கையில் வாங்கியதும் ஜோசலின் சிரித்ததைக் கவனித்து, "கீழ் வரிசை கொஞ்சம் நெருக்கமா இருக்கு, க்ளிப் போட்டா சரியாயிடும்" என்றான். அதே வாரம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அஸ்ஸாம் காட்டில் ஹூலாக் கிப்பன்களைப் பின்தொடர்ந்து போய்க் குறிப்பெடுக்க உதவியாளர் தேவை. இந்தியாவில் காட்டில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கு அதுதான். தங்க இடம் உண்டு, அட்டைக்கடி நிச்சயம்.

"அட்டை கடிச்சாலும் பரவால்ல, அது பல்லைப் பத்திப் பேசாது" என்று சொல்லிவிட்டு ஜோசலின் கிளம்பினாள்.

அம்மாவின் பெயர் பியூலா. தொலைபேசித் துறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவள். சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு யாரும் போட்டியிடத் துணியாத தலைவி. அப்பா சாலமன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பேச்சு குறைவு. காலையில் செய்தித்தாளை விரித்தால் அதன் பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வரும். அம்மா ஸ்டேஷனில் அழுதாள், ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள், "அங்க சாதம் கிடைக்குமா?" என்று கேட்டாள். அஸ்ஸாமில் நம்மைவிட அதிகமாகச் சாதம் சாப்பிடுவார்கள் என்று அப்பா சொன்னபோது ரயில் கிளம்பிவிட்டது.

ஜோர்ஹாட் பக்கத்துக் காடு அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், நடுவே ஒரு ரயில் பாதை, மிச்சமிருக்கும் இடத்தில் வானத்தை முட்டும் மரங்கள். கிப்பன்கள் மரத்தின் உச்சியிலேயே பிறந்து, உச்சியிலேயே தின்று, உச்சியிலேயே தூங்கும். தரைக்கு வருவது அவற்றுக்குக் கௌரவக் குறைச்சல். ஆகவே அவற்றை ஆராய்கிறவர்களுக்கு முதலில் போவது கழுத்து. ஜோசலின் வரும்போது நேராகப் பார்த்துப் பேசிய பெண். ஆறு மாதத்தில் யாரிடம் பேசினாலும் அவர் தலைக்கு மேலே பார்த்துப் பேசப் பழகிவிட்டாள்.

அவள் பின்தொடர்ந்த குடும்பத்தில் ஆண் கன்னங்கரேல் என்று, வெள்ளைப் புருவத்தோடு இருந்தது. பெண்ணுக்கு வெளிர்ப் பொன்னிறம், அதே வெள்ளைப் புருவம். எந்த மரத்துக்குப் போவது, எப்போது கிளம்புவது என்று முடிவு செய்வது பெண்தான். பழத்தை முதலில் தான் தின்று பார்த்துவிட்டு, திருப்தியான பிறகே மற்றவர்களுக்கு இடம் விடும். ஆண் பின்னாலேயே வரும். பெயர் வைக்க ஜோசலினுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பெண்ணுக்குப் பியூலா. ஆணுக்குச் சாலமன். பக்கத்து எல்லையில் இன்னொரு குடும்பம் இருந்தது. அந்த ஆண் வாயை விரித்துப் பல்லைக் காட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு டென்டிஸ்ட்.

காலையானால் பியூலாவும் சாலமனும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து ஒன்றாகப் பாடுவார்கள். ஒன்று ஆரம்பிக்க, மற்றது சேர்ந்துகொள்ள, ஏறி ஏறி, காடே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல். இதைப் பற்றி அவள் அப்பாவுக்கு எழுதிய மின்னஞ்சலை, அப்பா அவளைக் கேட்காமலேயே வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கு முன் சந்திப்பிழைகளை மட்டும் திருத்தினார்.

சாம்பசிவன் அதைப் படித்தார். 'கிப்பன்கள் பொதுவாக ஜோடியாக வாழ்பவை' என்ற வரியில் இருந்த 'பொதுவாக' என்ற சொல்லை எடுத்தார். 'கற்பில் சிறந்த குரங்கு!' என்று தலைப்பு வைத்தார். நடுப்பக்கத்தில், வண்ணப்படத்தோடு.

அந்த இதழ் வந்த வாரம் ஜோசலின் அட்டைக்கடியோடு வீடு திரும்பியிருந்தாள். அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "குரங்குக்குப் போய் என் பேரை வச்சியாடி?"

கோபம் ஞாயிற்றுக்கிழமை வரைதான். அன்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் மெர்வின் அம்மாவைத் தேடி வந்து கைகுலுக்கினார். "உங்க பேர்ல ஒரு நல்ல சாட்சி எழுந்திருக்கு, சிஸ்டர். அந்தப் பியூலாவோட உண்மையைப் பாருங்க! ஒரே துணை, சாகுற வரைக்கும்!" சபைச் செய்தி மடலில் கட்டுரை மறுபடி அச்சானது. மனிதன் குரங்கிலிருந்து வரவில்லை என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கம் செய்கிற சபை, கல்யாணம் என்று வந்ததும் குரங்கைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றது. இதை ஜோசலின் அப்பாவிடம் சொன்னபோது செய்தித்தாள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது.

பிறகு கல்யாணங்கள். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் என்று எங்கே கிறிஸ்தவக் கல்யாணம் நடந்தாலும், வரவேற்பில் கேக் வெட்டுவதற்கும் பிரியாணிக்கும் நடுவே கிப்பன் சிஸ்டர் ஐந்து நிமிடம் பேசுவார் என்று வழக்கமானது. ஃபிளெக்ஸ் பேனரில் மணமக்களுக்கு மேலே ஒரு கிப்பன் ஜோடி. சில பேனர்களில் அவசரத்துக்குச் சிம்பன்சி. ஒன்றில் கரடி.

எட்மண்ட் அப்படி ஒரு கல்யாணத்தில்தான் அவளைப் பார்த்தான். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவன், ரயில்வே பணிமனையில் வேலை. பெண் கேட்டு வந்தபோது அவன் பல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "உங்க கட்டுரையை வெட்டி வச்சிருக்கேன். எனக்கும் பாட்டு வரும்" என்றான். ஜோசலினுக்குப் பாட்டு சுத்தமாக வராது. அது ஒன்றுதான் குறை. மேடவாக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் பிடித்துக் குடியேறினார்கள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை ஒரு தடத்தில் ஓடியது. வாராவாரம் பத்தி. குளிர்காலமானால் சில வாரங்கள் அஸ்ஸாம். நடுவே பள்ளிக்கூடங்களில் பேச்சு. ஒரு கோடையில் மேடவாக்கத்து அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னாலேயே நிஜமான குரங்குக் கூட்டமும் வந்து மொட்டைமாடித் தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டது. குடியிருப்போர் சங்கத் தலைவி ஹேமாவதி உடனே ஜோசலினைக் கூப்பிட்டார். "மேடம், உங்க ஆளுங்க வந்திருக்காங்க. கொஞ்சம் பேசி அனுப்பி வைங்க."

"மேடம், அது வேற இனம். நான் கிப்பன்."

"நீங்க எதுவா வேணா இருங்க மேடம். அது என் வடாத்தைத் தின்னுது."

தாய்லாந்துக் காடுகளில் வேறு வகைக் கிப்பன்களைப் பல வருடம் கவனித்தவர்கள், அந்த ஜோடிகளும் அவ்வப்போது எல்லை தாண்டுவதுண்டு என்று எழுதியிருந்தது ஜோசலினுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். ஆனால் அது தாய்லாந்து. தன் பியூலா அப்படியில்லை என்று ஒரு நினைப்பு. கல்யாண மேடையில் ஏறி 'சில ஆய்வாளர்கள் மாறாகவும் சொல்கிறார்கள்' என்று ஆரம்பித்தால் மணப்பெண்ணின் மாமியார் மைக்கைப் பிடுங்கிவிடுவாள் என்பதும் ஒரு காரணம்.

ஒரு டிசம்பரில் அந்த நினைப்புக்கு முடிவு வந்தது.

பனி விலகி வெயில் ஏறிய நேரம். எல்லையில் ஒரு பெரிய அத்திமரம் பழுத்திருந்தது. சாலமன் தன் பக்கத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது, இது என் இடம், என் மரம், என் குடும்பம் என்று. பியூலாவின் குரல் சேரவில்லை. எங்கே என்று ஜோசலின் பைனாகுலரைத் திருப்பினாள். அத்திமரத்தின் மறுபக்கம், இலை மறைவில், பியூலா. அருகில் டென்டிஸ்ட். பழம் தின்கிற சாக்கில் நெருங்கினார்கள். பிறகு பழத்தையும் விட்டுவிட்டார்கள்.

கூட வந்திருந்த வனக்காவலர் சிரித்தார். ஜோசலினுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் வாழ்த்திய கல்யாணங்கள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. காரியம் முடிந்ததும் பியூலா நிதானமாக ஒரு பழத்தைப் பறித்தது, தின்றது, கையால் வாயைத் துடைத்தது. இரண்டு வீச்சில் சாலமனிடம் போய்ச் சேர்ந்தது. பாட்டில் கலந்துகொண்டது. ஒரு சுரம் பிசகவில்லை.

அடுத்த நாளும் அதே மரம். அதற்கு அடுத்த நாளும்.

ஊர் திரும்பியதும் எட்மண்டிடம் சொன்னாள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவன் கட்டையைக் கீழே வைத்தான்.

"நான் அந்தக் கட்டுரையைப் படிச்சுத்தான் உன்னைப் பொண்ணு கேட்டேன். இப்ப என்ன, கம்பெனி திருப்பி எடுத்துக்குதா?"

"விளையாடாதீங்க. எழுதணுமா வேணாமா?"

"பார்த்தது நிஜம்தானே?"

"மூணு நாள் பார்த்தேன்."

"அப்புறம் என்ன, எழுது. ஆனா உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் அன்னிக்கு நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன்."

சொல்லிவைத்ததுபோல மறுநாள் பாஸ்டர் மெர்வினிடமிருந்து போன். தம்பதியர் ஞாயிறு வருகிறது. வெள்ளிவிழாக் கண்ட ஜோடிகளைக் கௌரவிக்கிறார்கள். "வழக்கமான கிப்பன் செய்திதான், சிஸ்டர். புதுசா ஒண்ணும் வேணாம்."

"புதுசா ஒண்ணு இருக்கு, பாஸ்டர்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அதையும் சொல்லுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

ஜோசலின் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்த அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா வழக்கமான இடத்தில், செய்தித்தாளுக்குப் பின்னால். ஜோசலின் சுற்றி வளைத்து, பரிணாமம், மரபணு, வாழிடம் என்று எங்கெங்கோ போய், கடைசியில் அத்திமரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

அம்மா கீரையைக் கீழே போட்டாள். "என் பேரை மாத்துடி. இப்பவே மாத்து. வேற எதுனா வை. ஹேமாவதின்னு வை."

"பன்னெண்டு வருஷமா பியூலான்னு எழுதிட்டு இப்ப மாத்தினா, இது வேற குரங்குன்னு நினைப்பாங்கம்மா. அந்தப் பியூலா இன்னும் ஒழுங்கா இருக்கான்னு நம்புவாங்க."

"நம்பட்டுமே! உனக்கு என்ன போச்சு? ஐக்கியத்துல நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?"

அம்மா மறுபடி கீரையை எடுத்தாள். நாலு காம்பு ஆய்ந்ததும் கை நின்றது.

"அது போறப்ப இந்தச் சாலமன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

"பாடிட்டிருந்துச்சு."

"பக்கத்துல பொண்டாட்டி இருக்காளா இல்லையான்னுகூடப் பாக்கலையா?"

"இல்லம்மா. கண்ணை மூடிட்டு."

அம்மா செய்தித்தாளை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பின்னால் அசைவில்லை.

"சரி, போனது யாரோட?"

ஜோசலின் தயங்கினாள். பெயர்களைப் பற்றி அதுவரை வீட்டில் முழுதாகச் சொன்னதில்லை. கட்டுரைகளில் 'பக்கத்துக் குடும்பத்து ஆண்' என்றுதான் எழுதுவாள். "டென்டிஸ்ட்னு பேர் வச்சிருக்கேன்" என்றாள்.

"எந்த டென்டிஸ்ட்?"

"கீழ்க்கட்டளை."

அம்மாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. கீரை எல்லாம் தரையில் சிதற, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்தப் பல் டாக்டரிடம்தான் அவள் இப்போதும் பல் காட்டப் போகிறாள். "அடுத்த மாசம் வேர் சிகிச்சைன்னு வரச் சொல்லியிருக்காண்டி. வாயைத் திறந்துட்டு நான் எப்படிச் சிரிக்காம இருப்பேன்?" மூச்சு வாங்கியது. ஓய்ந்ததும் சொன்னாள்: "எழுது. என் பேரோடயே எழுது. பெருமையா இருந்தப்ப வச்சுக்கிட்டேன், இப்ப மட்டும் வேணாம்னா அது நியாயமில்ல. ஆனா அந்த டாக்டர் பேர் மட்டும் வெளிய வரக் கூடாது. எனக்குப் பல்லு இன்னும் பாக்கி இருக்கு."

தம்பதியர் ஞாயிறன்று மண்டபம் நிறைந்திருந்தது. வெள்ளிவிழா ஜோடிகள் முதல் வரிசையில், ரோஜாப்பூ குத்திக்கொண்டு. ஜோசலின் வழக்கம்போல அதிகாலைப் பாட்டில் ஆரம்பித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்திமரத்துக்கு வந்தாள். தலையாட்டல் நின்றது. பாஸ்டர் மெர்வினின் புன்னகை மட்டும், இறக்கி வைக்க இடம் தெரியாமல், முகத்திலேயே இருந்தது.

"இதுவரைக்கும் நான் உங்ககிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றாள். "சேர்ந்து பாடுறாங்க. சேர்ந்து குட்டி வளர்க்குறாங்க. எப்பவாவது பக்கத்து மரத்துக்கும் போயிட்டு வர்றாங்க. மறுநாள் காலையில மறுபடி சேர்ந்து பாடுறாங்க. இதுல நமக்கு என்ன பாடம்னு எனக்குத் தெரியல. நமக்குப் பாடம் நடத்தறதுக்காக அது மரத்துல இல்லைன்னு மட்டும் தெரியுது."

பின்வரிசையில் ஒரு பெண் 'களுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கணவர் திரும்பி யார் என்று பார்த்தார். தன் மனைவிதான் என்று தெரிந்ததும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பாஸ்டர் எழுந்தார். "நாம் எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்" என்றார். எந்தப் பாட்டு என்று சொல்ல மறந்துபோனதால் பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் வேறொன்றும் ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் ஜோசலினைக் கண்டதும் தயிர்ப்பச்சடி வாங்கப் போனார்கள். பெண்கள் அவள் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டார்கள். அந்த ஆண் கண்டுபிடித்ததா, கண்டுபிடித்தால் என்ன செய்யும், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றெல்லாம் கேள்விகள். வெள்ளிவிழா ரோஜா குத்திய ஓர் அம்மாள் ஒன்றுதான் கேட்டாள்: "அதுக்கு எப்படிம்மா நேரம் கிடைக்குது?"

சாம்பசிவனும் இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லை. "மேடம், முதல்லயே இதைச் சொல்லியிருந்தா தொடராவே போட்டிருக்கலாமே" என்றுதான் வருத்தப்பட்டார். 'பியூலா செய்தது சரியா?' என்று அட்டையிலேயே போட்டார். இதழ் தீர்ந்துபோனது.

அடி விழுந்தது யாரும் எதிர்பாராத இடத்தில். எல்லோரும் அம்மாவின் பெயரைப் பற்றியே கவலைப்பட்டார்கள். அப்பாவை யாரும் நினைக்கவில்லை. காலையில் ஏரிக்கரையில் அவரோடு நடக்கிற ஓய்வுபெற்ற கூட்டம் அட்டைப்படத்தைப் பார்த்திருந்தது. "என்ன சாலமன் சார், பாட்டு மட்டும்தானா?" என்று ஒருவர் ஆரம்பிக்க, அது தினசரி நிகழ்ச்சியானது. அப்பா நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்றார். அம்மா போனில் சொல்லித்தான் ஜோசலினுக்குத் தெரிந்தது.

முதல் கட்டுரையைச் சந்திப்பிழை திருத்தி அனுப்பியவர் அப்பா. இந்தக் கட்டுரையில் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேடவாக்கம் நெரிசலில் நின்று நின்று, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தால், வாசலில் பாஸ்டர் மெர்வினின் கார்.

பாஸ்டர் சங்கடத்தோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். சபைச் செய்தி மடலில் ஒரு சிறு விளக்கம் வெளியிட வேண்டுமாம். மேற்படி குரங்குக்கும் பெண்கள் ஐக்கியத் தலைவிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று. இனிமேல் அந்தக் குரங்குகளுக்கு வேதத்தில் வரும் பெயர்கள் வைக்கப்படாது என்றும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

அம்மா வாயைத் திறக்கும் முன்பு செய்தித்தாள் மடிந்தது. அப்பா அதை நான்காக மடித்து டீப்பாயில் வைத்தார்.

"பாஸ்டர், வேதத்துல என் பேரை எனக்கு முன்னாடி வச்சிருந்த ராஜாவுக்கு எத்தனை மனைவி?"

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது... ஐயா, அது அந்தக் காலம்..."

"எழுநூறு. மறுமனையாட்டிங்க தனிக் கணக்கு. அந்தப் பேரை எங்கப்பா எனக்கு வச்சப்ப யாரும் விளக்கம் கேக்கல. அந்தப் பேரை வச்சிக்கிட்டு நான் இந்த ஒருத்தியோடதான் இருந்திருக்கேன். குரங்கு என் பேரை வச்சிருக்கறதுனால எனக்கு அவமானம் இல்ல. வேணும்னா அந்த ராஜா என் பேரை வச்சிருந்ததுக்கு ஒரு விளக்கம் போடுங்க."

அவ்வளவு நீளமாக அப்பா பேசி ஜோசலின் கேட்டதில்லை. அம்மா எழுந்து, "காபி குடிச்சிட்டுப் போங்க பாஸ்டர், பால் புதுசு" என்றாள். அவர் குடித்தார். விளக்கம் எதுவும் அச்சாகவில்லை.

பாஸ்டர் போன பிறகு ஜோசலின் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையமர்த்தினார். "மூணாவது பத்தியில ஒற்று மிகக் கூடாத இடத்துல மிகுந்திருக்கு. அதுதான் வருத்தம். அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டியிருக்கலாம்." மறுநாளிலிருந்து ஏரிக்கரைக்குப் போனார். பாட்டு மட்டும்தானா என்று கேட்டவரிடம், "ஆமா, நாலு குரல்ல பாடுவேன், கேக்குறீங்களா?" என்று நடுப்பாதையில் நின்று ஞானப்பாட்டை உரக்க எடுத்துவிட்டாராம். கேள்வி அதோடு முடிந்தது.

கல்யாண அழைப்புகள் நின்றுபோயின. எட்மண்டுக்குத்தான் அதில் உண்மையான நஷ்டம், பிரியாணி வகையில். ஆனால் ஜோசலினுக்குக் கழுத்திலிருந்த சுமை இறங்கியது. 'பொதுவாக' என்ற சொல்லை இப்போது சாம்பசிவன் எடுப்பதில்லை. எடுத்தால் அப்பா நேரடியாக அவருக்குப் போன் செய்கிறார். ஒரு பதிப்பகம் புத்தகம் கேட்டது. எழுதத் தொடங்கினாள். வாலில்லாக் குரங்குக்கு அதில் ஒரு புதுச்சொல் போட்டாள். பதிப்பாளர் அதை அடித்தார்.

அடுத்த டிசம்பரில் அம்மா பெட்டி கட்டினாள். "நானும் வரேன். என் பேரை வச்சிட்டு அவ என்ன ஆட்டம் ஆடுறான்னு நேர்ல பாக்கணும்." வேர் சிகிச்சை முடிந்து பல்லும் சரியாகிவிட்டிருந்தது. அப்பாவும் வந்தார், குடையோடு. தாம்பரத்திலிருந்தே அஸ்ஸாமுக்கு ரயில் இருக்கிறது. கட்டட வேலைக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற பையன்கள் நிறைந்த பெட்டியில், அம்மா தொலைபேசித் துறை இந்தியில் ஊர்க்கதை பேசிக்கொண்டே போனாள்.

காட்டில் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்பாவின் கணுக்காலில், குளிர்காலத்தில் பிழைத்திருந்த ஒரே அட்டை ஏறியது. மூன்றாம் நாள் காலையில் தலைக்கு நேர்மேலே பாட்டு வெடித்தது. அம்மா பயந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோசலின் பைனாகுலரைக் கொடுத்தாள். உச்சியில் பொன்னிறத்தில் பியூலா. மார்பில் வெளிறிய நிறத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிச் சாலமன், கண்ணை மூடியபடி.

"நல்ல நிறமாத்தான் இருக்கா" என்றாள் அம்மா. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குட்டி யாரோடது?"

"தெரியாதும்மா. கண்டுபிடிக்கணும்னா எச்சத்தை எடுத்து லேபுக்கு அனுப்பணும்."

"அதெல்லாம் வேணாம், விடு."

அப்பா கழுத்தை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு ஏறி ஏறி ஓர் உச்சத்தில் நின்றது. "சுதி சுத்தமா இருக்கு" என்றார். "இப்படிப் பாடுறவனை விட்டுட்டு அவ எதுக்குப் போனா?"

"பாட்டு மட்டும் போதுமா?" என்றாள் அம்மா, பைனாகுலரை இறக்காமலே.

அப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் கால்பக்கம் குனிந்து, சேலைக்கரையில் அட்டை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு மடிப்பாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஜோசலின் கொஞ்சம் முன்னால் நடந்தாள். கிப்பன்கள் கிழக்கே நகரத் தொடங்கியிருந்தன, அவற்றைத் தவறவிட்டால் அன்றைய நாள் வீண்.